செக்வோயா மலைப் பூங்காவில் முதியவர்கள் கூடாரமிட்டுத் தங்க முடியுமா?

மதுரை திருநகரில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தம்பதியர் நீங்கள். வரும் ஜூன், ஜூலை மாதங்களில் சான் ஹோசேயில் உள்ள மகள் வீட்டில் இருக்கப் போகிறீர்கள். மாப்பிள்ளை உங்களையும் பேரப்பிள்ளைகளையும் கலிபோர்னியாவின் செக்வோயா தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று கூடாரத்தில் தங்கவைக்க விரும்புகிறார். உங்களில் ஒருவருக்கு முழங்கால் வலி, மற்றவருக்குக் கரடியை நினைத்து அச்சம். ஒரே நாளில் மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் பதில். இரண்டு இரவுகள் மலையின் மேலேயே, லாட்ஜ்போல் என்ற முகாமிடத்தில் தங்குங்கள். ராட்சத வனம் என்று பொருள்படும் பெயர் கொண்ட ‘ஜயன்ட் ஃபாரஸ்ட்’ பகுதியை மட்டும் நிதானமாகப் பாருங்கள். யோசெமிட்டி என்ற மற்றொரு தேசியப் பூங்காவையும் இதே பயணத்தில் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து இணங்காதீர்கள்.

சான் ஹோசேயிலிருந்து ஃபிரெஸ்னோ வரை ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மணி நேரம், அங்கிருந்து 180ஆம் எண் சாலையில் கிரான்ட் குரோவ் என்ற தோப்புப் பகுதி வரை ஒன்றேகால் மணி நேரம், அதன்பின் மலை முகட்டுச் சாலையில் லாட்ஜ்போல் வரை மேலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வழியில் சாப்பிடவும் இளைப்பாறவும் நிறுத்துவதைச் சேர்த்தால் ஒருவழிப் பயணத்துக்கே ஆறு மணி நேரம் போய்விடும். காலையில் கிளம்புபவர்கள் நடுப்பகலில்தான் சேருவார்கள். கோடையில் அந்த நேரத்தில், எல்லோரும் பார்க்க வரும் ஷெர்மன் என்ற ராட்சத மரத்தின் வண்டி நிறுத்துமிடம் நிரம்பி, நடைபாதையில் தேர்த்திருவிழாக் கூட்டம் நிற்கும். மேலே தங்குபவர்களுக்கோ காலை ஏழு மணியும் மாலை ஆறு மணியும் சொந்தமாகிவிடுகின்றன. அந்த மரங்களின் செம்பட்டை நிறம் சாய்ந்து விழும் வெயிலில்தான் முழுமையாகத் தெரியும்.

இந்தப் பூங்காவைப் பற்றி முதலில் மனத்தில் இருத்த வேண்டியது அதன் உயர வேறுபாடு. அடிவாரத்து நுழைவாயில் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொட்விஷா, பக்ஐ ஃபிளாட் என்ற முகாமிடங்கள் அங்கே ஆற்றோரமாக அமைந்திருக்கின்றன. படத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஜூலையில் அங்கே பகல் வெயில் நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குக் குறையாது, மரங்களும் ஓக் வகைதான், ராட்சத மரம் ஒன்றுகூடக் கிடையாது. இடம் காலியாக இருக்கிறதே என்று அங்கே பதிவு செய்துவிட்டு, நாள்தோறும் ஒரு மணி நேரம் மலை ஏறி இறங்குபவர்கள் பலர். லாட்ஜ்போல் இருப்பது 2,040 மீட்டர் உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட கொடைக்கானலின் உயரத்தில். ஆனால் கொடைக்கானல் குளிரை வைத்து இதை அளவிட வேண்டாம். இங்கே கோடை வறண்டது. பகலில் மெல்லிய சட்டை போதும், இரவில் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். எப்போதாவது பிற்பகலில் இடி மழை உண்டு. எனவே கம்பளிக் குல்லாய், காலுறை, சுவெட்டர், ஆளுக்கொரு ஸ்லீப்பிங் பேக் ஆகியவை கட்டாயம் வேண்டும். தரையின் குளிர் முதுகில் ஏறாமலிருக்கத் தடிமனான மெத்தை விரிப்பும் வேண்டும். முதியவர்கள் கூடாரத்தில் தூங்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்த விரிப்பு இல்லாததே காரணம். மடக்குக் கட்டில் ஒன்றை மாப்பிள்ளை ஏற்பாடு செய்தால் முழங்கால் வலியுள்ளவர் தரையிலிருந்து எழுந்திருக்கும் சிரமமும் தீரும். அப்படியும் கூடாரம் ஒத்துவராது என்று தோன்றினால், லாட்ஜ்போலிலிருந்து வண்டியில் சில நிமிடத் தொலைவில் வுக்சாச்சி என்ற விடுதி இருக்கிறது. நீங்கள் இருவரும் அங்கே உறங்க, பிள்ளைகள் கூடாரத்தில் இருக்கலாம். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

மலைக்கு ஏற இரண்டு வழிகள் உண்டு. விசேலியா ஊரிலிருந்து வரும் 198ஆம் எண் சாலை, அடிவாரத்திலிருந்து ஜயன்ட் ஃபாரஸ்ட் வரை சுமார் 1,500 மீட்டர் உயரத்தைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பேருந்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருபவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், 180ஆம் எண் சாலையையே தேர்ந்தெடுங்கள். தொலைவு சற்றுக் கூடினாலும் வளைவுகள் மென்மையானவை. பூங்காவின் எல்லைக்குள் பெட்ரோல் விற்பனை இல்லை என்பதால் ஃபிரெஸ்னோவிலேயே நிரப்பிவிட வேண்டும். கைபேசித் தொடர்பு பெரும்பாலான இடங்களில் கிடைக்காது. வரைபடத்தையும் முன்பதிவுச் சீட்டையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் குறைந்த கியரில் வர வேண்டும் என்பதை மாப்பிள்ளைக்கு நினைவூட்டுங்கள். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது மறந்துவிடும்.

இனி மரங்கள். உலகின் மிக உயரமான மரம் இங்கே இல்லை. அது கலிபோர்னியாவின் கடலோரத்தில் வளரும் ரெட்வுட் என்ற மர இனத்தைச் சேர்ந்தது, 115 மீட்டரையும் தாண்டியது. பூங்காவுக்குப் பெயர் தந்த செக்வோயா மரத்தின் சிறப்பு அதன் பருமன். சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில், ஏறத்தாழ 1,500 முதல் 2,100 மீட்டர் வரையிலான உயரத்தில் மட்டுமே, சுமார் 75 தோப்புகளாக இது இயற்கையில் வளர்கிறது. வேறு எங்கே பார்த்தாலும் மனிதர் நட்டதே. ஜெனரல் ஷெர்மன் என்று பெயரிடப்பட்ட மரம் 83.8 மீட்டர் உயரமும், தரை மட்டத்தில் 31 மீட்டர் சுற்றளவும், தண்டில் மட்டும் சுமார் 1,487 கன மீட்டர் கொள்ளளவும் கொண்டது. ஒற்றைத் தண்டு கொண்ட மரங்களில் கொள்ளளவால் இதுவே உலகில் பெரியது. முதல் பெரிய கிளையே ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்தில்தான் கிளம்புகிறது என்பதால், கீழே நிற்பவருக்கு அளவு பிடிபடாது. இறங்கும் பாதையில் அந்த மரத்தின் அடித்தட வடிவத்தைத் தரையில் பதித்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளை அதன் விளிம்பில் ஒரு சுற்று நடக்கவிட்டுப் பிறகு மரத்திடம் அழைத்துச் சென்றால் அவர்களுக்குப் புரியும்.

இதன் வயது சுமார் 2,200 ஆண்டுகள் என்பது பூங்காவின் மதிப்பீடு. மேலூர்ப் பக்கம் மாங்குளம் குன்றில் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறதல்லவா, அதை ஐராவதம் மகாதேவன் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது என்று கணித்தார்; அங்கே பாறையில் உளி விழுந்த காலத்தில் இங்கே இந்த மரம் கன்றாக இருந்திருக்கும். இதைவிட முதியவையும் இந்த இனத்தில் உண்டு. வெட்டப்பட்ட ஓர் அடிமரத்தின் வளையங்களை எண்ணியபோது 3,200க்கும் மேற்பட்ட ஆண்டுகள் தெரியவந்தன. 1880களில் இந்தக் காட்டில் குடியேறிய கவேயா காலனி என்ற பொதுவுடைமைக் குழுவினர் ஷெர்மன் மரத்துக்குக் கார்ல் மார்க்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். 1890 செப்டம்பர் 25இல் பூங்கா அமைந்தபின் அந்தப் பெயர் வழக்கொழிந்துவிட்டது. இந்தக் காட்டுக்குள் வண்டிகள் வரும்படி சாலையை 1903இல் முடித்துத் தந்தவர், கறுப்பினப் படைவீரர்களுக்குத் தலைமை வகித்து வந்த கேப்டன் சார்லஸ் யங். தேசியப் பூங்கா ஒன்றுக்குப் பொறுப்பேற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவரே.

மரத்தின் அருகே சென்றதும் விபூதி பூசிக் கற்பூரம் காட்டத் தோன்றும் நம்மவர்களை நான் அறிவேன். அங்கே அது சட்டப்படி குற்றம், காட்டுக்கும் கேடு. ஷெர்மன் மரத்தைச் சுற்றி வேலி இருப்பதால் வலம் வரவும் இயலாது. வேலிக்குத் தக்க காரணம் உண்டு. இத்தனை பெரிய உடலைத் தாங்கும் வேர்கள் நான்கு மீட்டர் ஆழத்துக்கு அதிகம் போவதில்லை; மாறாக நாற்பது மீட்டருக்கும் மேலாகப் பக்கவாட்டில் பரவிக் கிடக்கின்றன. மேலே ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து மண் இறுகினால் அந்த வேர்களுக்கு நீரும் காற்றும் சேராது. இந்தக் காரணத்தாலேயே, ஒரு காலத்தில் ஜயன்ட் ஃபாரஸ்டுக்குள் பெருகியிருந்த விடுதிகளும் கடைகளுமான 280க்கும் மேற்பட்ட கட்டடங்களை நிர்வாகம் 1990களின் இறுதியில் இடித்து அகற்றியது. 1928இல் அங்காடியாகக் கட்டப்பட்ட ஒரு கட்டடம் மட்டும் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. வரும் வருமானத்தை விட்டுக்கொடுத்துக் காட்டைக் காலிசெய்த இந்த முடிவு எனக்கு அந்த மரங்களைவிட வியப்பளிக்கிறது.

தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் காங்கிரஸ் டிரெயில் என்ற பாதையோரத்தில் வேலியில்லாத மரங்கள் பல உண்டு. பாதையை விட்டு விலகாமல் கை நீட்டினாலே எட்டும். பட்டை நாம் எதிர்பார்ப்பது போல் கடினமாக இருக்காது. நார் நாராக, அழுத்தினால் சற்று அமுங்கும். அறுபது சென்டிமீட்டர் வரை தடிக்கும் இந்தப் பட்டையில் பிசின் மிகக் குறைவு, துவர்ப்புப் பொருளான டானின் மிகுதி. ஆகவே தீயும் பூச்சியும் எளிதில் உள்ளே நுழைவதில்லை. காலடியில் கிடக்கும் காய்களையும் கவனியுங்கள். ஒரு முழ நீளக் காய் கிடந்தால் அது சுகர் பைன் மரத்தினுடையது. செக்வோயாவின் காய் கோழி முட்டை அளவுதான். அதற்குள் ஏறத்தாழ இருநூறு விதைகள், ஒவ்வொன்றும் ஓட்ஸ் செதிள் போல மெலிந்தது. பச்சைக் காய்கள் விதையை வெளியே விடாமல் இருபது ஆண்டு வரை கிளையிலேயே தொங்கும். டக்ளஸ் அணில் கடித்துத் தள்ளினாலோ, ஒருவகை வண்டு துளைத்தாலோ, தரையில் எரியும் தீயின் வெப்பம் மேலே எழுந்து காயை உலர்த்தினாலோதான் அது திறந்து விதையைக் கொட்டுகிறது. விதை முளைக்கச் சருகு நீங்கிய வெறும் மண் தேவை. அந்த மண்ணையும் தீயே தருகிறது. நினைவுக்காக ஒரு காயைக்கூட எடுத்து வரக் கூடாது. அதற்குத் தடை உண்டு.

தீயைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்தின் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி மாண்டதை நம் பகுதியினர் மறந்திருக்க முடியாது. செக்வோயா மலையில் ஒரு நூற்றாண்டுக் காலம் சிறு தீயையும் உடனுக்குடன் அணைத்து வந்ததால் சருகும் சிறு மரங்களும் மண்டிவிட்டன. அது தவறென்று உணர்ந்து 1968 முதல் திட்டமிட்டுத் தீ மூட்டி அவற்றைக் குறைத்து வருகிறார்கள். என்றாலும் வறட்சியும் வெப்பமும் கூடியபின் வந்த தீ வேறு வகையானது. 2020, 2021 ஆகிய இரண்டே ஆண்டுகளின் தீயில், உலகிலிருந்த பெரிய செக்வோயா மரங்களில் 13 முதல் 19 விழுக்காடு வரை அழிந்தன. 2021 செப்டம்பரில் ஷெர்மன் மரத்தின் அடிப்பாகத்தை அலுமினிய உறையால் சுற்றி வைத்துக் காத்தார்கள். நீங்கள் செல்லும் சாலையோரத்திலேயே கரிந்த தண்டுகள் நிற்பதைக் காண்பீர்கள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் புகை சூழ வாய்ப்பு அதிகம் என்பதால் ஜூன் பிற்பகுதியும் ஜூலை முற்பகுதியும் உங்களுக்கு ஏற்றவை. அப்போது புல்வெளிகளில் கொசு இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். முகாமில் விறகு எரிக்க அனுமதி இருக்கிறதா என்பது அன்றைய வறட்சியைப் பொறுத்தது. அனுமதி இருந்தாலும் ஊரிலிருந்து விறகு கொண்டுபோகாமல் அங்கேயே வாங்குங்கள். விறகோடு மரத்தை அரிக்கும் பூச்சிகளும் வந்துவிடும்.

முழங்கால் வலியுள்ளவருக்கான ஏற்பாடு எளிது. ஷெர்மன் மரத்துக்கு மேல் நிறுத்துமிடத்திலிருந்து 800 மீட்டர் இறக்கம், இடையிடையே படிகள். இறங்கும்போது தெரியாது, ஏறும்போது அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். கோடையில் இயங்கும் இலவச ஷட்டில் பேருந்து மரத்துக்குக் கீழே உள்ள சாலையிலும் நிற்கிறது. ஆகவே இறங்கிச் சென்று பார்த்துவிட்டு, ஏறித் திரும்பாமல் கீழ் நிறுத்தத்தில் பேருந்து ஏறிக்கொள்ளலாம். இறக்கமும் வேண்டாமென்றால் வரும்போதே கீழ் நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். அருங்காட்சியகத்துக்கு அருகே ‘பிக் ட்ரீஸ் டிரெயில்’ என்ற பாதை ஒரு புல்வெளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக, சமதளமாக, சக்கர நாற்காலியும் செல்லும்படி போகிறது. ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியுமென்றால் ஷெர்மனை விட்டுவிட்டு இந்தப் பாதையில் நடங்கள் என்றே சொல்வேன். புல்வெளியின் திறப்பினால் இங்கேதான் மரங்களை அடி முதல் நுனி வரை காண முடிகிறது. மோரோ ராக் என்ற பாறைக்கு 350க்கும் மேற்பட்ட படிகள். அது மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும், அதுவும் வானம் தெளிவாக இருக்கும்போது மட்டும்.

அடுத்தது கரடி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கரடி மனிதரைக் கண்டால் பாயக்கூடியது. கடையம், களக்காடு பக்கத்துச் செய்திகளைப் படித்த அச்சம் உங்களுக்கு இருப்பது இயல்பே. அமெரிக்காவின் கருங்கரடி வேறு இனம். நிறம் பழுப்பாகவும் இருக்கும். அது பொதுவாக மனிதரைத் தவிர்க்கும். மூர்க்கமான கிரிஸ்லி கரடி கலிபோர்னியாவில் 1920களிலேயே அற்றுப்போயிற்று. கருங்கரடிக்கு வேண்டியது உங்கள் சாப்பாடு, அதை அது மோப்பத்தால் கண்டுபிடிக்கும். கூடாரத்தையும் காரின் கதவையும் கிழித்துத் திறக்க அதற்கு வலிமை உண்டு. மனிதர் உணவில் ருசி கண்ட கரடி கடைசியில் சுடப்படுவதும் உண்டு என்பதால், இதில் கவனக்குறைவுக்கு அபராதம் விதிக்கிறார்கள்.

ஒவ்வொரு முகாமிடத்திலும் சுமார் நான்கடி நீளமுள்ள இரும்புப் பெட்டி ஒன்று தரையில் பொருத்தப்பட்டிருக்கும். அதன் தாழ்ப்பாள் ஒரு தகட்டு மூடிக்குள் ஒளிந்திருக்கும். மனித விரல்கள் உள்ளே நுழைந்து இழுக்க முடியும், கரடியின் பாதம் நுழையாது. சமைக்கும் நேரமும் உண்ணும் நேரமும் தவிர உணவு முழுவதும் அதற்குள், தாழிட்டபடி இருக்க வேண்டும். இங்கே நம் வீட்டு மூட்டையை ஒருமுறை எண்ணிப்பாருங்கள். புளியோதரை, ஊறுகாய், இட்லிப்பொடி, முறுக்கு ஆகியவை உணவு என்று யாருக்கும் தெரியும். தேங்காயெண்ணெய், வலித் தைலம், வாசனைச் சோப்பு, பற்பசை, சந்தன வில்லை, மணமுள்ள மாத்திரைப் புட்டி, பிள்ளைகளின் கார் இருக்கையில் சிந்திய பிஸ்கட் தூள், நேற்றுச் சாப்பிட்ட டிபன் பாக்ஸ் ஆகியவையும் கரடிக்கு உணவின் வாசனைதான். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டால் தேய்த்தவுடன் புட்டி பெட்டிக்குள் போக வேண்டும், தலையணைக்கடியில் அல்ல. பெரிய ஐஸ் பெட்டி இதற்குள் அடங்காமல் போகலாம் என்பதால் சிறிதாக இரண்டு கொண்டுபோவது நல்லது. காரை நிறுத்திவிட்டு நடக்கச் செல்லும் இடங்களிலும் இதே விதி பொருந்தும்; அங்கும் இரும்புப் பெட்டிகள் உண்டு. பாத்திரம் கழுவிய நீரை நம் வழக்கப்படி மரத்தடியில் ஊற்றாதீர்கள், அதற்கென்று தொட்டி இருக்கிறது. கரடி எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது. சேர்ந்து நின்று உரத்த குரலில் சத்தமிட்டால் விலகிப் போய்விடும்.

சமையலை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளுக்குப் புளியோதரையும் சப்பாத்தியும் கொண்டுபோனால், மறுநாள் எரிவாயு அடுப்பில் உப்புமாவோ ரசம் சாதமோ செய்துகொள்ளலாம். கோடையில் லாட்ஜ்போலிலேயே பலசரக்குக் கடையும் குளியலறையும் இயங்கும். தாளிப்பதைத் தவிர்த்தால் அண்டை முகாம்களுக்கும் நல்லது, கரடிக்கும் அழைப்பு போகாது.

கரடியைவிட ஆறுதான் உண்மையான ஆபத்து. இந்தப் பூங்காவில் நேரும் மரணங்களுக்கு நீரில் மூழ்குவதே முதற்காரணம். கும்பக்கரையிலும் சுருளியிலும் குளித்துப் பழகிய நமக்கு ஓடும் நீரைக் கண்டால் வேட்டியை மடித்துக் கட்டத் தோன்றும். லாட்ஜ்போலை ஒட்டி ஓடும் கவேயா ஆற்றின் கிளையில் ஜூன் மாதம் வருவது உருகிய பனிநீர். குளிரால் கை கால் மரத்துப்போகும், வழவழப்பான பாறையில் கால் வழுக்கினால் இழுப்பு விடாது. பேரப்பிள்ளைகளைக் கரையோரப் பாறையில்கூடத் தனியே விடாதீர்கள். நீரைப் பார்க்க வேண்டுமென்றால் முகாமிலிருந்தே கிளம்பும் டோகோபா அருவிப் பாதை இருக்கிறது. ஒருவழி மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, சரிவும் மிதமானது.

இரத்த அழுத்த மாத்திரை, மருத்துவக் காப்பீட்டுச் சீட்டு ஆகியவை கையில் இருக்கட்டும்; பெரிய மருத்துவமனைக்கு விசேலியாவரை இறங்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் கோடைப் பிற்பகலில் அடிவாரப் பகுதியில் நேரம் கழிக்க வேண்டாம், சமவெளியின் ஓசோன் மாசு அங்கே ஏறிவந்து தேங்குகிறது.

கட்டணத்தில் அண்மையில் ஒரு மாற்றம் நேர்ந்திருக்கிறது. வண்டிக்கு ஏழு நாளுக்கு 35 டாலர் என்பது பழைய வழக்கம். 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் குடியிராத 16 வயது நிரம்பியவர்கள் இந்தப் பூங்கா உட்பட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டும், அல்லது 250 டாலருக்கு ஆண்டு அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். பிறகு வேறு பூங்காவுக்கும் செல்வதாக இருந்தால் ஆண்டுச் சீட்டே மலிவு. அது வண்டியில் யார் யாருக்குப் பொருந்தும் என்பதைக் கிளம்புமுன் பூங்காவின் இணையதளத்தில் மாப்பிள்ளை சரிபார்த்துவிடட்டும். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

முகாமிடத்தை ரெக்ரியேஷன்.கவ் என்ற அரசுத் தளத்தில் முன்னதாகவே பதிய வேண்டும். கோடை வார இறுதிகள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், ஞாயிறு முதல் வியாழன் வரை தேடினால் வாய்ப்பு அதிகம். லாட்ஜ்போல் கிடைக்காவிட்டால் கிரான்ட் குரோவ் பகுதியின் அசேலியா, சன்செட் முகாம்களைப் பாருங்கள். உயரம் கிட்டத்தட்ட அதேதான், ஃபிரெஸ்னோவுக்கு இன்னும் அருகில். 81 மீட்டர் உயரமுள்ள ஜெனரல் கிரான்ட் மரத்தை அங்கே ஒரு சிறிய சுற்றுப்பாதையில் சிரமமின்றிப் பார்க்கலாம். ஷெர்மனுக்கு ஒரு நாள் காலையில் வண்டியில் சென்று வந்துவிடலாம். அங்கும் இடமில்லையென்றால் அடிவார முகாமுக்கு இறங்கிவிடாமல் பயணத் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.